மழை வந்தால் நஷ்டம் யாருக்கு? வீதிக்கலைஞர்களையும் சர்க்கஸ்காரர்களையும் ஆதரிக்க நான்கு வழிகள்

பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் இளைஞர் பிரிவைச் சேர்ந்த தம்பி போன மாதம் போன் செய்தார். "அக்கா, கையில மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. இந்தப் பொங்கலுக்குப் பாட்டுக் கச்சேரி வேணாம்னு செயலவையில முடிவாயிடுச்சு. திடல்ல, வெளியில, சர்க்கஸ் மாதிரி ஏதாவது வைக்கணும். யாரக் கூப்பிடலாம்?" அதே வாரம், செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் தோழியும் கேட்டார். அவர்களிடமும் ஏறக்குறைய அதே தொகைதான். வித்தைக்காரர் ஒருவரை ஒருநாள் அழைப்பதா, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது கற்றுக்கொடுப்பதா என்று அங்கே இரண்டு கட்சி.

இரண்டு பேருக்கும் போனில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஆளைத் தேடுவதற்கு முன்னால், எந்த ஏற்பாட்டில் அவரை அழைக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். ஆள் பிறகு கிடைப்பார். ஏற்பாடு தப்பாகப் போனால் எவ்வளவு நல்ல கலைஞரும் தோற்றுப்போவார்.

எதைச் சொல்கிறோம்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் 'தெருக்கலை' என்றதும் பாதிப் பேருக்குச் சுவர் ஓவியம்தான் ஞாபகம் வரும். 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளோடு சேர்த்து வரைந்த இரண்டு பிள்ளைகள் அவ்வளவு புகழ் பெற்றுவிட்டார்கள். நான் பேசுவது வேர்வை சிந்தி, ஆள் நின்று செய்யும் கலையைப் பற்றி. பந்து வீசிப் பிடிப்பது, கயிற்றில் நடப்பது, கட்டைக்கால், கோமாளித்தனம், நெருப்பு வித்தை எல்லாம் இதில் சேரும். உறுமி, சிலம்பம், கரகம், பொய்க்கால் குதிரை ஆகியவற்றையும் இதே குடும்பத்தில்தான் வைக்கிறேன்.

நமக்கு இது புதுச் சரக்கு இல்லை. கயிற்றின்மேல் ஆடுகிறவர்களுக்கு அடிக்கும் பறை சங்கப் பாட்டிலேயே வருகிறது. பினாங்கில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதே வேலையைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். சீனர்களின் சிங்கே ஊர்வலத்தில் இருபத்தைந்து, முப்பது அடி உயரக் கொடிக்கம்பத்தை நெற்றியிலும் பல்லிலும் தாங்குவார்கள். பேய் மாதத்தில் சீனர் கோயில்களுக்கு முன்னால் கூத்து மேடை போட்டு, முன்வரிசை நாற்காலிகளைக் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கென்று காலியாக விடுவார்கள். மலாய்க்காரர்களின் போரியா ஆட்டத்தில் இந்திய முஸ்லிம்களின் கையும் கலந்திருக்கிறது.

சர்க்கஸ் இந்தத் தெருவுக்குத் தூரத்து உறவு அல்ல, உடன்பிறப்பு. லண்டனில் 1768இல் பிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தை காட்டத் தொடங்கினார். அவர் வழியில் நிலைபெற்ற 42 அடி வட்டத்தில்தான், நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரையின் முதுகில் மனிதன் சாய்ந்து நிற்கத் தோதான விசை கிடைத்தது. 1984இல் தொடங்கிய சர்க் டு சொலேயின் வேரும் கியூபெக்கில் தெருவில் கட்டைக்காலில் நடந்த ஒரு குழுதான்.

கூடாரத்துக்கும் தெருவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காசு வரும் நேரம். கூடாரத்தில் டிக்கெட் முதலில், வித்தை பிறகு. தெருவில் வித்தை முதலில், காசு பிறகு, சில நாள் வராமலே போகும். அந்த இடைவெளியில் கலைஞரோடு யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் நான் ஆதரவு என்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது, மழை வந்தால் நஷ்டம் யார் தலையில் என்று. நம் ஊர் வானத்துக்கு இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் கடுமை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்த மாதங்கள். பொங்கலும் தைப்பூசமும் அந்தக் காய்ந்த காலத்தில் வருவது பட்டர்வொர்த் தம்பிக்கு நல்ல காலம்.

அடுத்து, எத்தனை பேர் உண்மையிலேயே பார்க்க முடியும் என்பது. அதன்பின் இடமும் அனுமதியும். கடைசியாக, எல்லாம் முடிந்து திடலைப் பெருக்கிய பிறகு ஊரில் என்ன மிஞ்சும் என்பது.

கூலி பேசி அழைப்பது

நாள் குறித்து, தொகை பேசி, முன்பணம் கொடுத்து அழைப்பது நமக்கு மிகப் பழக்கமான வழி. கலைஞருக்கும் வருமானம் உறுதி. மழை வந்தால் என்ன செய்வது என்று எழுத்தில் இருந்தால் நஷ்டம் நம்முடையது, அது நியாயமும்கூட. எழுத்தில் இல்லாவிட்டால், "ஆடவே இல்லையே, மீதியை எதுக்குக் குடுக்கணும்?" என்று செயலவையில் ஒரு குரல் கட்டாயம் எழும். அந்தக் கலைஞர் அன்றைக்கு வேறு அழைப்பை விட்டுவிட்டு, லோரிக்கு வாடகை கொடுத்து, வந்து நின்றவர். ஆடுகிற 40 நிமிடத்துக்கு மட்டும் நாம் பணம் கொடுக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். ஒலிபெருக்கி, கூடாரம், உடை மாற்ற இடம், தண்ணீர், கழிவறை எல்லாம் விலைப்பட்டியலில் வராது. அவற்றைவிடப் பெரிய செலவு நேரம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பின் விழாவுக்குக் தலைகீழாகக் கைகளை ஊன்றி நிற்கும் வித்தைக்காரப் பெண் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அவர் ஐந்தரைக்கே உடம்பைச் சூடுபடுத்தித் தயாராகிவிட்டார். சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறரை ஆயிற்று. விருந்தினர் வந்ததும் மாலை, பொன்னாடை, உரை, இன்னொரு உரை. ஏழு மணிக்குமேல்தான் அந்தப் பெண்ணை மேடைக்கு விட்டார்கள். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு, இசையை நிறுத்தினோம். அதற்குள் ஆறிப்போன மணிக்கட்டோடு நின்றதில் அவருக்குச் சுளுக்கு. ஒப்புக்கொண்ட தொகை முழுதாகக் கொடுக்கப்பட்டது, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவரை நாங்கள் ஆதரித்தோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து என் முதல் நிபந்தனை: வித்தை முதலில், உரை பிறகு. மஃரிப் கோலாலம்பூர், பினாங்குப் பக்கம் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில் வரும். ஐந்தரைக்குத் தொடங்கினால் தரைச் சூடும் ஓரளவு தணிந்திருக்கும், பாங்குக்கு முன் முடித்தும்விடலாம். பிற்பகல் மூன்று மணித் தார்ச்சாலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

வித்தையைப் பொறுத்தும் செலவு மாறும். கயிறு கட்ட முளை அடிக்க வேண்டும். தார்ச்சாலையில் அது நடக்காது, கனமான தண்ணீர்த் தொட்டிகள் வேண்டும். மழையில் ஊறிய திடலில் அடித்த முளை இளகும். துணியில் தொங்கி ஆடுவதை மரக்கிளையில் கட்டிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சறுக்கி இறங்கி நிற்கும் அந்த நொடியில் கிளைமேல் விழும் இழுப்பு ஆளின் எடையைப்போலப் பல மடங்கு. நெருப்பு வித்தைக்கு நனைந்த போர்வையும் தண்ணீர் வாளியும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய மரச்சட்டக் கடைவீடுகளுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

தேதி மாறாத விழா, வயதானவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம், விலை கூடிய கருவிகள் தேவைப்படும் வித்தை என்றால் இந்த வழியே சரி.

வட்டம் கூட்டி, தொப்பி நீட்டுவது

கலைஞர் வருவார், கயிறோ சுண்ணக்கோடோ போட்டு வட்டம் அமைப்பார், போகிற வருகிறவர்களை நிறுத்துவார், முடிவில் தொப்பி. எனக்கு மிகப் பிடித்த வடிவம் இதுதான். ஆள் சேர்ப்பதே இதில் பாதி வித்தை. முதல் பத்துப் பேரை நிறுத்த ஆகும் பாடு, அடுத்த நூறு பேருக்கு ஆகாது.

கணக்குப் போட்டால் இதன் அளவு தெரியும். நடுவிலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் முதல் வரிசை, முக்கால் வட்டம், ஆளுக்கு அரை மீட்டர் என்று வைத்தால் முதல் வரிசையில் 37 பேர். அரை மீட்டர் இடைவெளியில் மூன்று வரிசை நின்றால் ஏறக்குறைய 125 பேர். நாலாவது வரிசைக்குப் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். முதல் வரிசையில் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்தால் இன்னும் இரண்டு வரிசை பார்க்கலாம். ஒரு நாலைந்து பேர் முன்கூட்டியே வந்து, தங்கள் பிள்ளைகளோடு முதலில் உட்கார்ந்தால் அதுவே கலைஞருக்குப் பெரிய உதவி. காசு கொடுப்பதைவிடக்கூட.

நமக்குத் தொப்பியில் காசு போடக் கை வருவதில்லை. அர்ச்சனைத் தட்டில் போடுகிற அதே கை இங்கே சுருங்குகிறது, பிச்சை என்று மனம் தப்பாக எடுத்துக்கொள்கிறது. பாணனுக்கும் விறலிக்கும் கொடுத்ததைப் பரிசில் என்று சொன்னவர்கள் நாம். பார்த்து ரசித்துவிட்டுக் கொடுப்பது கூலி. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, இப்போது பையில் சில்லறை வைத்திருப்பவர் குறைவு. கைப்பேசியில் பணம் போடுவதற்கான டியூட்நௌ கியூஆர் அட்டை ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக் கொடுப்பது இருபது ரிங்கிட்டுக்குள் முடிகிற வேலை. வசூலை அது எவ்வளவு மாற்றும் என்று கலைஞர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மழை வந்தால்? நஷ்டம் முழுக்கக் கலைஞர் தலையில். தூறல் விழுந்ததும் கூட்டம் கடைகளின் முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதைக்குள் ஒதுங்கும், தொப்பி நனைந்துகொண்டு நடுவில் கிடக்கும். இந்த வழியின் கொடுமை அதுதான். அழைத்தவருக்குச் செலவே இல்லாததால் எல்லோருக்கும் இது பிடித்துப்போகிறது. 'வந்து ஆடட்டும், ஜனங்க குடுப்பாங்க' என்பதை ஆதரவு என்று நினைத்துவிடக் கூடாது.

அனுமதியும் உண்டு. கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திடம், பினாங்குத் தீவில் மாநகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டும். எந்த இடம், எந்த நேரம், ஒலிபெருக்கி உண்டா என்பதையெல்லாம் அவர்கள் சொல்வார்கள், விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அவர்களுக்கென்றே உள்ள அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி தனியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவரைத் தெருவில் ஆடச் சொல்லி மாட்டிவிடாதீர்கள். குடிநுழைவுத் துறையிடம் நிற்கப்போவது நாம் அல்ல, அவர்.

இடத்தைப் பொறுத்து ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் நம் ஆள்கள் நிறைய, ஆனால் பாசார் தெருவில் கடைக்குக் கடை ஒலிபெருக்கி. பேசிச் சிரிக்க வைக்கும் வித்தை அங்கே எடுபடாது. பாடாங் கோத்தா லாமாவில் இடம் தாராளம், ஆனால் கடற்காற்று. வளையம் வீசுகிறவருக்கு அது எதிரி, கனமான கட்டைகளை வீசுகிறவர் சமாளிப்பார். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரம் வட்டம் கூட்டினால் நடைபாதை அடைபடும், பக்கத்துக் கடைக்காரருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

ஏற்கெனவே ஜனங்கள் நடமாடும் இடம், ஒரே ஆளோ இருவரோ செய்யும் வித்தை, ஒரு தடவைக்கு மேல் நடத்தக்கூடிய வாய்ப்பு. இவை மூன்றும் சேர்ந்தால் இந்த வழி.

ஊர்வலத்தோடு நடப்பது

ரதம் போகும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலை நம்மைத் தேடி நம் வாசலுக்கு வரும். ஓரத்தில் நிற்கும் ஒருவர் ஒரு குழுவை இரண்டு நிமிடம்தான் பார்ப்பார், ஆகவே கதையோ சஸ்பென்ஸோ இங்கே வேலைக்கு ஆகாது. உயரம், நிறம், தாளம் மூன்றும்தான் நிற்கும். கட்டைக்கால், மயிலாட்டம், உறுமி மேளம், சிலம்பம் எல்லாம் இதற்கென்றே பிறந்தவை.

ஒரு கோடு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ காவடி எடுப்பவர் நேர்த்திக்கடன் செலுத்துகிறார், வித்தை காட்டவில்லை. தைப்பூச வழியில் சர்க்கஸ் குழுவை நுழைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். பொங்கல் ஊர்வலம், தாமான் (குடியிருப்பு) விழா, பள்ளி விளையாட்டு நாள் இவை வேறு.

மழை தூறினால் நடந்துகொண்டே இருக்கலாம், பெருமழை என்றால் எல்லோருக்கும் சமமாக நஷ்டம். மறைந்த செலவு சாலையடைப்பு, போலீஸ் அனுமதி, வழிநெடுகத் தண்ணீர். கட்டைக்காலில் நிற்பவரால் அசையாமல் நிற்க முடியாது, அடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்வலம் சந்தியில் பதினைந்து நிமிடம் தேங்கினால் அவருடைய தொடை நடுங்கும். மேலே தாழ்வாகத் தொங்கும் கம்பிகள் எங்கே என்று முந்தைய நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

குறிப்பாக உறுமிப் பையன்களைப் பற்றி. அவர்களை நாம் கலைஞர்கள் என்று எண்ணுவதே இல்லை. பெட்ரோலுக்கு ஏதோ கொடுத்து, ஒரு பொட்டலம் சோறு கொடுத்து அனுப்புகிறோம். மூன்று மணிநேரம் தோளில் சுமந்து அடிப்பவர்களுக்கு, கயிற்றில் நடப்பவருக்குப் போலவே தொகை பேசிக் கொடுக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பணம் போடுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இது மழையைப் பொருட்படுத்தாத ஒரே வழி. பள்ளி மண்டபத்தில் வாரம் ஒரு மணிநேரம் பந்து வீசுதல், சிலம்பம், கட்டைக்கால் கற்றுக்கொடுக்க ஒருவரை மூன்று நான்கு மாதத்துக்கு வைத்துக்கொள்வது. கலைஞருக்கு மாத வருமானம். தெருவில் ஆடுகிறவருக்கு அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று அவர்களிடமே கேட்டிருக்கிறேன். மெத்தை, காப்புறுதி, பிள்ளைகளோடு எப்போதும் ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் மறைந்த செலவுகள். பலன் உடனே தெரியாது, படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. அதனாலேயே செயலவைகள் இதைத் தள்ளிவிடுகின்றன.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கூலி பேசி | தொப்பி | ஊர்வலம் | பயிற்சி |
|---|---|---|---|---|
| மழை நஷ்டம் | எழுதியிருந்தால் அழைத்தவருக்கு | கலைஞருக்கு | எல்லோருக்கும் | இல்லை |
| பார்ப்பவர் | மேடையைப் பொறுத்து | நூறு, இருநூறு | வழிநெடுக, இரண்டிரண்டு நிமிடம் | சில பத்துப் பிள்ளைகள் |
| மறைந்த செலவு | ஒலி, கூடாரம், தாமதம் | அனுமதி, சத்தம் | சாலை, போலீஸ், தண்ணீர் | மெத்தை, காப்புறுதி |
| பிறகு மிஞ்சுவது | படங்கள் | பழக்கம் | ஊர்ப் பெருமை | கலை தெரிந்த பிள்ளைகள் |

நான் என்ன சொன்னேன்

செந்தூல் தோழிக்குப் பயிற்சி என்றேன், தயங்காமல். பள்ளிக்கு மண்டபம் இருக்கிறது, பிள்ளைகள் வாரா வாரம் அங்கேயே இருக்கிறார்கள், விளையாட்டு நாளில் அவர்களே ஊர்வலமாக நடக்கலாம். வெளியாளை ஒருநாள் அழைத்தால் அந்த ஒருநாளோடு போய்விடும்.

பட்டர்வொர்த் தம்பிக்கு நான்கில் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. இரண்டைக் கலக்கச் சொன்னேன்: அடித்தொகையோடு தொப்பி. மூவாயிரத்தில் பாதி, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கலைஞர் கைக்குப் போகும் அடித்தொகை. இருவர் வந்தால் ஆளுக்கு எழுநூற்றைம்பது. அதற்குமேல் தொப்பியில் விழுவதெல்லாம் அவர்களுக்கே, கோயில் கணக்கில் சேராது. அறுநூறு ஊர் உறுமிக் குழுவுக்கு. அவர்கள் தாமானைச் சுற்றி அடித்துக்கொண்டு வந்து கூட்டத்தைத் திடலுக்கு இழுத்து வரட்டும். மிச்சம் தொள்ளாயிரம் அனுமதி, தண்ணீர், சிறு ஒலிபெருக்கி, கியூஆர் அட்டை, முதலுதவி. மேடை வேண்டாம், தரையில் வட்டம் போதும். இந்த ஏற்பாட்டில் கலைஞருக்குப் பயமில்லை, கூட்டத்துக்கும் தன் பங்கைக் கொடுக்க இடமிருக்கிறது. தொப்பி இருப்பதால் ஆடுகிறவரும் கடைசி நிமிடம்வரை கூட்டத்தைப் பிடித்து வைப்பார். அடித்தொகை மட்டும் என்றால் சிலருக்கு அந்தச் சூடு தணிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"மழ பெஞ்சா என்னக்கா பண்றது?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையை இப்போதே இரண்டாவது நாளாகக் குறித்துவிட வேண்டும். திடலுக்கு அனுமதி கேட்கும்போதே இரண்டு தேதிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு நாளும் பெய்தால் அடித்தொகை அடித்தொகைதான், திரும்பக் கேட்கக் கூடாது. அன்று பகல் இரண்டு மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டுத் தம்பிதான் முடிவு சொல்ல வேண்டும், செயலவைத் தலைவரைத் தேடி அலையக் கூடாது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, கலைஞரும் தம்பியும் கையெழுத்துப் போட்டு, அடித்தொகையில் பாதியை அன்றே கொடுத்துவிடச் சொன்னேன்.